அடுத்தவர் மாட்டுக்கு இன்சூரன்ஸ் போடலாமா? சிடிஎஸ் தடை பற்றி ஒரு கேள்வி

காவேரிப்பட்டணம் வணிகவியல்:

வணக்கம். மூன்றாம் ஆண்டு பி.காம். பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம். தலைப்பு: கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்பைத் தடை செய்ய வேண்டுமா? சுருக்கமாக சிடிஎஸ்: ஒரு கம்பெனியோ அரசோ கடனைக் கட்டாமல் போனால் நட்டத்தைத் தருவதாக, பிரீமியம் வாங்கிக்கொண்டு ஒருவர் எழுதித் தரும் காப்பு ஒப்பந்தம். இரண்டு அணிக்கும் குறிப்பு எழுதித் தரணும்.

தடை கேட்கும் அணி ஒரு வாதத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தையில் கறவை மாடு வாங்கினால், கால்நடை மருத்துவர் பார்த்து மதிப்புப் போட்டு, காதில் வில்லை அடித்த பிறகுதான் இன்சூரன்ஸ். மாடு செத்தால் வில்லையைக் காட்டணும், இல்லையென்றால் பணம் கிடையாது. பக்கத்து வீட்டு மாட்டுக்கு நான் பாலிசி எடுக்க முடியாது. எடுக்க விட்டால் அந்த மாடு எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? ஆனால் சிடிஎஸ்ஸில், ஒரு கம்பெனியின் கடன் பத்திரம் ஒன்றுகூடக் கையில் இல்லாதவர், அந்தக் கம்பெனி மூழ்கினால் பணம் வாங்கலாம். நேக்கட் சிடிஎஸ் என்கிறார்கள். இது எப்படி நியாயம்?

எதிரணிக்கு இதற்கு உருப்படியான பதில் அமையவில்லை. 2008 நெருக்கடிக்கு இதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது எவ்வளவு உண்மை? ஜெர்மனியும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டனவே, அதனால் என்ன ஆனது? நம் நாட்டில் இப்போது விதி என்ன? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் நல்லது.


ஓசூர் டிரெஷரி:

மேடம், வாதத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தத்தைப் பிள்ளைகள் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அது தெரியாமல் பேசினால் இரண்டு அணியும் காற்றில்தான் கம்பு சுற்றும்.

ஒரு கம்பெனியின் 10 கோடி ரூபாய் கடன் பத்திரத்துக்கு ஐந்து வருடக் காப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை கேட்கும் விலை ஆண்டுக்கு 3 சதவீதம். 2009 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் ஒப்பந்த முறையையே மாற்றி அமைத்தார்கள். அதிலிருந்து பிரீமியம் 1 சதவீதம் அல்லது 5 சதவீதம் என்று நிலையாக வைத்து, மிச்ச வித்தியாசத்தை முதல் நாளே ரொக்கமாகக் கட்டிவிடுவார்கள். இங்கே 1 சதவீதம் எடுத்தால் ஆண்டுக்கு 10 லட்சம், காலாண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம். கட்டும் நாள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 20.

மீதி 2 சதவீதத்தை ஐந்தால் பெருக்கி 10 சதவீதம் என்று பிள்ளைகள் போடுவார்கள். அங்கேதான் தப்பு வரும். கம்பெனி நடுவில் மூழ்கினால் பிரீமியம் நின்றுவிடும். வருங்காலப் பணத்துக்கு வட்டிக் கழிவும் உண்டு. திவாலானால் நூற்றுக்கு 40 திரும்ப வரும் என்பது சந்தையின் வழக்கமான அனுமானம். 3ஐ 0.6ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் மூழ்கும் வாய்ப்பு. வட்டி 7 சதவீதம் என்றால் அந்த ஐந்து வருடம் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3.75 வருடமாகச் சுருங்கும். ஆக முதல் நாள் கட்ட வேண்டியது 7.5 சதவீதம், அதாவது 75 லட்சம்.

மூழ்கினால் எவ்வளவு வரும்? அதை ஏலம் தீர்மானிக்கும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்து நூற்பாளர்கள் விலை கேட்கிற மாதிரி, திவாலான கம்பெனியின் பத்திரத்துக்கு டீலர்கள் விலை கேட்பார்கள். அங்கே ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு விலை. இங்கே முடிவாகும் ஒரே விலை எல்லா ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். திவாலான அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸுக்கு 2008 அக்டோபர் 10 அன்று நடந்த ஏலத்தில் நூற்றுக்கு 8.625 வந்தது. உங்கள் 10 கோடி லேமன் மேல் இருந்திருந்தால் விற்றவர் தர வேண்டியது 91.375 சதவீதம், 9 கோடியே 13 லட்சத்து 75 ஆயிரம்.

ஏலம் ஏன் வந்தது என்பதும் முக்கியம். ஆரம்பத்தில் பத்திரத்தை ஒப்படைத்துத்தான் பணம் வாங்கினார்கள், காது வில்லை மாதிரியே. 2005இல் டெல்ஃபி என்ற வாகன உதிரிபாகக் கம்பெனி திவாலானபோது, அதன் பத்திரங்களைப் போலப் பல மடங்கு தொகைக்கு ஒப்பந்தங்கள் இருந்தன. எல்லோரும் ஒப்படைக்கப் பத்திரம் தேடி ஓடியதில், திவாலான கம்பெனியின் பத்திர விலை ஏறியது. அந்தக் கோளாறைத் தீர்க்கத்தான் ரொக்க ஏலம்.

இனி மாட்டு வாதம். மாடு ஒருவருடையது என்றாலும் அந்தப் பாலை நம்பி டீக்கடை வைத்திருப்பவர் இருக்கிறார் இல்லையா? மாடு போனால் அவருக்கும் நட்டம், வில்லை மட்டும் அவர் பெயரில் இல்லை. கடனிலும் அப்படித்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு பெரிய வண்டிக் கம்பெனிக்கு மட்டுமே பாகம் செய்து தரும் பட்டறைக்கு அந்தக் கம்பெனியின் பத்திரம் ஒன்றும் இருக்காது, ஆனால் 90 நாள் பாக்கி நிற்கும். அந்த வண்டிக் கம்பெனிக்குத் தொழிற்கூடம் வாடகைக்கு விட்டவருக்கும் அதே கதி. பத்திரம் வைத்திருப்பவர் மட்டுமே காப்பு வாங்கலாம் என்று சொன்னால், உண்மையாகவே நட்டப்படக்கூடிய இவர்கள் எல்லோரும் ‘நேக்கட்’ ஆகிவிடுவார்கள்.

2008 பற்றி: ஏஐஜி என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் விழுந்ததற்குக் காரணம் காப்பு வாங்கினவர்கள் என்று நினைப்பது தவறு, விற்றவர்தான் காரணம். பல வீட்டுக்கடன் பத்திரங்களை ஒன்றாகக் கட்டி உருவாக்கிய சிடிஓ பத்திரங்களுக்கு ஏஐஜி காப்பு விற்றது, முதல் நாள் ஒரு டாலர்கூட ஈடாக வைக்கவில்லை. தன் கடன் தரவரிசை இறங்கினாலோ, அந்தப் பத்திரங்களின் மதிப்பு சரிந்தாலோ ஈடு கட்டுவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று தரவரிசையைக் குறைத்தார்கள், ஈட்டுப் பணம் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள், மறுநாள் அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் வரம்பு திறந்துவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகு மெய்டன் லேன் 3 என்ற அமைப்பை உருவாக்கி, காப்பு வாங்கியிருந்த வங்கிகளிடமிருந்து 6,200 கோடி டாலர் முகமதிப்புள்ள சிடிஓ பத்திரங்களையே வாங்கினார்கள். இதைப் பிள்ளைகள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளட்டும்: அந்த வங்கிகளால் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுக்க முடிந்தது. அதாவது அந்த இடத்தில் மாடு இருந்தது, வில்லையும் இருந்தது. நேக்கட் தடை அப்போதே இருந்திருந்தாலும் ஏஐஜியின் அந்தப் பெரிய ஓட்டையை அடைத்திருக்காது.

லேமனில் இதற்கு நேர் எதிர். 40,000 கோடி டாலர் ஒப்பந்தம் வெடிக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பயம். சிடிஎஸ் ஒப்பந்தங்களைப் பதிந்துவைக்கும் பதிவகத்தில் இருந்த மொத்தத் தொகை 7,200 கோடி டாலர். வாங்கியதும் விற்றதும் கழிந்து கடைசியில் கைமாறியது சுமார் 520 கோடி டாலர். ஈடு ஒழுங்காகக் கட்டியிருந்ததால் சத்தமில்லாமல் முடிந்தது.


அதியமான்கோட்டை:

அண்ணா சொன்ன ஏஐஜி விவரம் சரி. ஆனால் அதை வைத்து நேக்கட் வகைக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. தடை கேட்கும் அணிக்காக எழுதுகிறேன், நானும் அந்தப் பக்கம்தான்.

டீக்கடைக்காரர் உவமை நல்லது. ஆனால் சந்தையில் நேக்கட் வாங்குபவர்களில் டீக்கடைக்காரர் எத்தனை பேர், பந்தயம் கட்டுபவர் எத்தனை பேர் என்பதுதானே கேள்வி. 2007இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி உருவாக்கிய அபாக்கஸ் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் நிஜ வீட்டுக்கடன் ஒன்றும் இல்லை; ஏற்கெனவே இருந்த பத்திரங்களைச் சுட்டிக்காட்டி எழுதிய சிடிஎஸ் மட்டும்தான். விழும் என்று பந்தயம் கட்டிய ஹெட்ஜ் ஃபண்டே (பெரும் பணக்காரர் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) அந்தப் பத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு வகித்தது, முதலீட்டாளருக்கு அதைச் சொல்லவில்லை. நட்டம் 100 கோடி டாலருக்கு மேல். 2010 ஜூலையில் 55 கோடி டாலர் கட்டி அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துடன் சமாதானம் செய்துகொண்டார்கள். ஒரு வீட்டுக்கடன் வாராக்கடன் ஆனால் ஒருவருக்குத்தான் நட்டம் வரணும். நேக்கட் சிடிஎஸ் இருந்தால் அதே கடனுக்குப் பத்துப் பேர் நட்டப்படலாம். ஒரு மாடு செத்து பத்து மாட்டுக்குப் பணம் போகிற கணக்கு இது.

‘பக்கத்து வீட்டுக்காரர் மாட்டைக் கொல்வாரா’ என்ற கேள்விக்கும் ஹோவ்னேனியன் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் கம்பெனி அது. 2018இல் ஒரு ஃபண்ட் அதற்கு மலிவு வட்டியில் புதுக்கடன் தர முன்வந்தது. நிபந்தனை: ஒரு குறிப்பிட்ட வட்டித் தவணையைக் கட்டாமல் விடணும். அந்தத் தவணை 10.4 லட்சம் டாலர். அதை வாங்க வேண்டியது யார் தெரியுமா? ஹோவ்னேனியனின் சொந்தத் துணை நிறுவனமே. இடது பைப் பணத்தை வலது பையில் போடாமல் நிறுத்தி ‘கடன் தவறியது’ என்று அறிவித்தால், காப்பு வாங்கியிருந்த அந்த ஃபண்டுக்கு லாபம். அதோடு நிற்கவில்லை. புதுக்கடனில் ஒரு பகுதியை நீண்ட காலத்துக்கு மிகக் குறைந்த வட்டியில் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட பத்திரம் ஏலத்தில் மலிவாகப் போகும். ஏல விலை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குக் காப்புத் தொகை ஏறும். மே 1 அன்று தவணை கட்டவில்லை. வழக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அமெரிக்கப் பண்டகச் சந்தை ஆணையமும் எச்சரித்திருந்தது. சமாதானம் ஆகி, சலுகைக் காலத்துக்குள் வட்டியைக் கட்டினார்கள். நல்ல நிலையில் இருந்த மாட்டை வைத்து நடந்த பேரம் இது.

2019இல் ஒப்பந்த வாசகத்தைத் திருத்தினார்கள்: கம்பெனியின் கடன் கட்டும் திறன் கெட்டதால் வந்த தவறாகவோ, அதைக் கெடுத்த தவறாகவோ இருந்தால்தான் கணக்கில் எடுப்போம் என்று. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் அது பொருந்தும். சட்டம் செய்ய வேண்டிய வேலையை ஒப்பந்த அடிக்குறிப்பிடம் விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்.


ஓசூர் டிரெஷரி:

தம்பி, ஹோவ்னேனியன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த வகையைத் தடுக்கத்தான் வேணும். ஆனால் அந்த நிபந்தனையைப் போட முடிந்தது கடன் கொடுப்பவர் என்ற இடத்தில் நின்றதால்தான். கம்பெனியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது. பத்திரம் வைத்திருந்து அதற்கு மேல் காப்பும் வாங்கியவர்தான் ஆபத்தானவர். கம்பெனியைக் காப்பாற்றக் கடன் சீரமைப்புக்கு ஓட்டுப் போடும் உரிமை அவரிடம் இருக்கும், காப்பாற்ற ஆசை இருக்காது. எம்ப்டி கிரெடிட்டர், பெயருக்கு மட்டும் கடன் கொடுத்தவர், என்று சட்ட அறிஞர்கள் சொல்வது இவரைத்தான். பத்திரம் இல்லாதவரைத் தடை செய்யும் சட்டம் இவரைத் தொடாது, ஏனென்றால் இவர் கையில் பத்திரம் இருக்கிறது. அதனால் தடையை விட, இன்னார் இவ்வளவு காப்பு வாங்கியிருக்கிறார் என்று கடன் சீரமைப்புக் கூட்டத்தில் கட்டாயம் வெளிப்படுத்த வைப்பது நேராக நோயைத் தொடும்.

இனி ஐரோப்பா. ஜெர்மனி 2010 மே மாதம் தனியாக, அண்டை நாடுகளைக் கேட்காமல், யூரோ நாட்டு அரசுப் பத்திரங்கள் மேல் நேக்கட் சிடிஎஸ்ஸைத் தடை செய்தது. வியாபாரத்தின் பெரும்பகுதி லண்டனில் நடந்ததால் அதற்குப் பெரிய பிடி கிடைக்கவில்லை. பிறகு ஒன்றியம் முழுவதற்கும் ஒழுங்குமுறை வந்து, 2012 நவம்பர் 1 முதல் அமலாகியது. அரசுக் கடன் மேல் மட்டும்தான் தடை, கம்பெனிக் கடனுக்கு இல்லை. பலர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை சொல்லும் சந்தை அமைப்பாளர்களுக்கு விலக்கு உண்டு. நான் சொன்ன டீக்கடைக்காரருக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்: அந்த நாட்டு அரசுப் பத்திரம் கையில் இல்லாவிட்டாலும், அங்குள்ள வங்கிக் கடனோ கம்பெனிப் பங்கோ வைத்திருந்து, அதன் விலை அரசுப் பத்திர விலையோடு குறைந்தது 12 மாதம் 70 சதவீத ஒட்டுறவு காட்டினால் வாங்கலாம்.

பலன்? சர்வதேச நிதியம் 2013 ஏப்ரல் அறிக்கையில் ஒரு முழு அத்தியாயமே எழுதியது. அரசு சிடிஎஸ் விலை பத்திர விலையைவிடத் தாறுமாறாக ஆடுகிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை, தடையால் சந்தையில் வாங்க விற்க ஆள் குறைந்தது என்பதுதான் அதன் பக்கம். கிரீஸுக்கே வாருங்கள். 2012 மார்ச் 9 அன்று கடன் தவறியதாக அறிவித்தார்கள், 19 அன்று ஏலம், விலை 21.5. நிகர ஒப்பந்தம் சுமார் 320 கோடி டாலர், அதில் 78.5 சதவீதம் என்றால் கைமாறியது ஏறக்குறைய 250 கோடி. கிரீஸின் கடன் இருந்த அளவுக்கு இது வால் முடி. அந்த வால் மாட்டைப் புரட்டிப் போட்டது என்று என்னால் ஏற்க முடியவில்லை.


அதியமான்கோட்டை:

அண்ணா, வால் சின்னதாக இருந்தாலும் மாடு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். சிடிஎஸ் விலை ஏறினால் வங்கிகள் வட்டியை ஏற்றுகின்றன, வட்டி ஏறினால் கடன் வாங்கியவர் உண்மையிலேயே தடுமாறுகிறார். எண்ணிக்கையை மட்டும் வைத்து எடை போட முடியாது. மற்றபடி வெளிப்படுத்தல் விதி வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு.


பாலக்கோடு தணிக்கை:

இந்திய நிலவரம் கேட்டிருந்தீர்கள் மேடம். சட்டத்திலிருந்து தொடங்கினால் பட்டிமன்றத்துக்கு நல்ல தீனி. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அது மட்டும் இருந்தால் நேக்கட் சிடிஎஸ் நீதிமன்றத்தில் நிற்பதே சந்தேகம். 2006இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 45வி பிரிவைச் சேர்த்தார்கள்: ரிசர்வ் வங்கி குறிப்பிடும் டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையையோ நிலையையோ சார்ந்து பணம் கைமாறும்) ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாவது ரிசர்வ் வங்கியாகவோ, பட்டியலிடப்பட்ட வங்கியாகவோ, அதன் கண்காணிப்பில் உள்ள நிறுவனமாகவோ இருந்தால், வேறு சட்டம் என்ன சொன்னாலும் அது செல்லும். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2000இல் வந்த பண்டக வர்த்தக நவீனமயச் சட்டம், மாநிலங்களின் சூதாட்டச் சட்டங்கள் ஸ்வாப்களைத் தொடாதபடி செய்தது. பந்தயமா காப்பா என்ற கேள்வியைச் சட்டம் தீர்க்கவில்லை, ஒதுக்கிவைத்தது. தடை கேட்கும் அணிக்கு இது பலமான புள்ளி என்று நினைக்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2011இல் முதல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பத்திரம் கையில் இருந்தால்தான் பயனர் வாங்கலாம், பத்திரத்தை விற்றால் காப்பையும் முடித்துக்கொள்ளணும், அல்லது பத்திரத்தை வாங்கியவர் பெயருக்கு மாற்றணும். ஆக, நாம் நேக்கட் தடையோடுதான் பிறந்தோம். சந்தை எழும்பவே இல்லை. ‘பார்த்தீர்களா, தடை கொன்றுவிட்டது’ என்று எதிரணி சொல்லும். அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம், வேறு காரணங்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் தர வேண்டியதைக் கழித்து நிகரமாக முடிக்கச் சட்டத்தில் இடம் இல்லை; அது 2020இல் வந்த இருதரப்பு நிகரக் கழிவுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதுவரை வங்கி எதையும் கழிக்காமல் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனித்தனியாக மூலதனம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதோடு, நம் ஊரில் பத்திரம் வாங்குபவர்கள் ஏஏஏ என்ற மிக உயர்ந்த தரத்தை வாங்கி முதிர்வு வரை பெட்டியில் வைப்பவர்கள். பயம் வந்தபோது காப்பு விற்க ஆள் இல்லை. 2018இல் ஐஎல்&எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் ஏஏஏவிலிருந்து டி தரத்துக்கு, அதாவது கடன் தவறிய நிலைக்கு, இறங்கச் சில வாரங்கள்தான் ஆயிற்று. அன்றைக்கு ஓடுகிற சிடிஎஸ் சந்தை ஒன்று இருந்திருந்தால் தரவரிசைக்கு முன்பே விலை கத்தியிருக்கும் என்பது என் கருத்து.

அதன் பிறகு 2022 பிப்ரவரியில் புது வழிகாட்டுதல் வெளியாகி மே 9 முதல் அமலானது. இதில் பயனர்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சிறு பயனர் இடர்காப்புக்கு மட்டுமே வாங்கலாம். கையில் பத்திரம் இருக்கணும், அதன் முகமதிப்புக்கு மேலேயும் முதிர்வு நாளுக்கு அப்பாலும் போகக் கூடாது. காப்பீட்டு நிறுவனம், மியூச்சுவல் ஃபண்ட், வெளிநாட்டு முதலீட்டாளர், 500 கோடி நிகர மதிப்புள்ள கம்பெனி போன்ற பெரிய பயனருக்கு இடர்காப்பு அல்லாத காரணத்துக்கும் அனுமதி உண்டு. அவரவரைக் கண்காணிக்கும் அமைப்பு வேறு வரம்பு போடலாம். செபி 2024 செப்டம்பரில் மியூச்சுவல் ஃபண்டுகளைக் காப்பு விற்கவும் அனுமதித்தது. ஆனால் விற்கும் அளவுக்கு ரொக்கமோ அரசுப் பத்திரமோ ஒதுக்கிவைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு செயற்கைப் பத்திரம் போல வைத்துக்கொள்ளணும். ஏஐஜி செய்த தப்பை முளையிலேயே கிள்ளும் விதி இது. லிக்விட், ஓவர்நைட் திட்டங்களுக்கு அந்த அனுமதியும் கிடையாது.

எதன் மேல் எழுதலாம் என்பதும் குறுகலானது. குறுகிய காலப் பணச்சந்தைப் பத்திரங்கள், தரவரிசை உள்ள ரூபாய்க் கம்பெனிப் பத்திரங்கள், உள்கட்டமைப்புக் கம்பெனிகளின் சிறப்பு நோக்க நிறுவனங்கள் வெளியிடும் தரவரிசையில்லாப் பத்திரங்கள். வங்கிக் கடன் மேல் எழுத முடியாது. சொத்து ஈட்டுப் பத்திரங்களும் கூடாது.


காவேரிப்பட்டணம் வணிகவியல்:

எல்லோருக்கும் நன்றிங்க. கடைசியாக ஒன்று. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா காய் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் விவசாயிகளின் பிள்ளைகள் வகுப்பில் நிறையப் பேர். ‘ஆலை மூழ்கினால் எங்களுக்கு இந்த சிடிஎஸ் உதவுமா’ என்று கேட்கிறார்கள்.


பாலக்கோடு தணிக்கை:

உதவாது மேடம், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆலைக்குச் சந்தையில் தரவரிசை உள்ள பத்திரம் இல்லையென்றால் சிடிஎஸ் எழுதவே முடியாது. காய் போட்ட பாக்கி என்பது வணிகக் கடன். ஆலை ஏற்றுமதி செய்தால், வெளிநாட்டு வாங்குபவர் ஏமாற்றும் இடருக்கு ஆலைதான் இசிஜிசி என்ற அரசு ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசி எடுக்கலாம். அதுவும் முழு நட்டத்தையும் தராது, ஒரு பங்கை ஏற்றுமதியாளர் சுமக்கணும். விவசாயியின் பாக்கி அந்தப் பாலிசிக்குள் வராது. காயை வாங்கி விற்கும் மண்டிக்காரர், உதிரிபாகப் பட்டறைக்காரர் போன்றவர்கள் உள்நாட்டு வணிகக் கடன் காப்பீடு பற்றி விசாரிக்கலாம். அதற்கு விலைப்பட்டியலும் கடன் வரம்பும் எழுத்தில் இருக்கணும். வாய்ச்சொல்லில் லோடு ஏற்றினால் எந்தக் காப்பும் நிற்காது. விவசாயிக்கு இன்றைக்குக் கையில் இருக்கும் பிடி எடைச்சீட்டுதான்: தேதி, எடை, கிலோ விலை, ஆலையின் முத்திரை நான்கும் இருக்கா என்று லாரி திரும்புவதற்குள் பார்த்துவிடச் சொல்லுங்கள்.


ஓசூர் டிரெஷரி:

பட்டறைப் பிள்ளைகளுக்கும் ஒன்று. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வரணும், தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும் டிஆர்இடிஎஸ் என்ற இணையத் தளத்தில் பில்லை ஏற்றினால், வாங்கிய கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகு வங்கி பணம் தந்துவிடும். பிறகு கம்பெனி கட்டாவிட்டாலும் பட்டறையைக் கேட்க முடியாது. கடன் தவறும் இடர் வங்கி தலைக்குப் போய்விடுகிறது. சிடிஎஸ் செய்யும் அதே வேலைதான், பில் கையில் இருப்பவருக்கு மட்டும்.